ஒரே கல்லாப்பெட்டியில் பஞ்சாலையும் குதிரைப் பண்ணையும்: மார்செல் பூசாக், ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பார்க்கிறோம்

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் ‘பருத்தி ராஜா’ என்று பேர் வாங்கியவர் மார்செல் பூசாக். நூற்பு, நெசவு, சாயம், தையல், கடை என்று பஞ்சிலிருந்து சட்டை வரை எல்லாமே அவர் கையில் இருந்தது. அதே ஆள் நார்மண்டியில் நடத்திய குதிரைப் பண்ணை, ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களை ஆண்டுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது. 1978-இல் ஆலைகளும் குதிரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்விட்டார்.

முழு வாழ்க்கை வரலாற்றுக்கு இங்கே இடமில்லை. குதிரைப் பண்ணையில் அவர் எடுத்த சில முடிவுகளையும், அவற்றோடு பின்னிக் கிடந்த துணித் தொழில் முடிவுகளையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குடும்பத் தொழில் நடத்துகிறவர்களுக்கும் கால்நடை இனவிருத்தியில் இருப்பவர்களுக்கும் ஒருசேரப் பயன்படக்கூடிய நிகழ்வு இது. பூசாக்கைத் தவிர மற்றவர்களைப் பெரும்பாலும் பொறுப்பை வைத்தே குறிப்பிடுகிறேன். குதிரைகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பெயரில்லாமல் வம்சாவளி பேச முடியாது.

பின்னணி: துணி

பூசாக் பிறந்தது 1889 ஏப்ரல் 17, நடு பிரான்சின் ஷாத்தோரூ நகரில். அப்பாவுக்குத் துணி வியாபாரம். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அம்மா பாரிஸ் இலக்கிய வட்டத்துக்குள் போய் ஒரு கவிஞரை மணந்துகொண்டார். பையன் வியாபாரத்தோடு வளர்ந்தான். இருபதை ஒட்டிய வயதில் பாரிஸுக்கு வந்து தனியாகத் தொழிலை ஆரம்பித்தார். சாதாரணப் பெண்கள் உடுத்திய துணி அன்றைக்குப் பெரும்பாலும் கறுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். பூசாக் வண்ணப் பருத்தித் துணியை மலிவாகக் கொண்டுவந்தார். கிழக்கே வோஜ் மலைப்பகுதி ஆலைகளில் தனக்கு வேண்டியபடி நெய்து வாங்கி விற்றார். சொந்த ஆலைகள் பிறகு வந்தன.

முதல் உலகப் போரில் ராணுவத்துக்குத் துணி கொடுத்ததில் பெரும் பணம் புரண்டது. போர் நின்றபோது அவர் செய்த காரியம்தான் அவருடைய வியாபார மூளையைக் காட்டுகிறது. அந்தக் கால விமானத்தின் இறக்கை என்பது மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, விறைப்பாக நிற்பதற்குப் பூச்சு அடித்த ஒன்று. நெருக்கமாக நெய்த, லேசில் கிழியாத முதல்தரத் துணி அது. போர் முடிந்ததும் அது கிடங்கு கிடங்காகத் தேங்கிப்போனது. பூசாக் அதை மொத்தமாக வாங்கி, சட்டையும் பைஜாமாவும் மழைக்கோட்டுமாகத் தைத்து விற்றார். விற்ற கடைகளுக்கே ‘விமானத் துணி’ என்று பெயர். அந்தப் பணம் வோஜ் பகுதி ஆலைகளாக மாறியது. நோமெக்ஸி, வேன்சே போன்ற சிற்றூர்களில் ஆலைச் சங்குதான் ஊருக்கே கடிகாரம் என்ற நிலை வந்தது.

பிறர் ஒதுக்கிய சரக்கில் தரத்தைக் கண்டுபிடித்து, குறைந்த விலைக்கு வாங்கி, தன் சங்கிலிக்குள் கொண்டுவருவது அவர் வழி. குதிரையிலும் இதையே செய்தார்.

பின்னணி: குதிரை

போர் முடிந்த கையோடு நார்மண்டியின் ஓர்ன் பகுதியில் ஃப்ரெனே-லெ-பூஃபார் என்ற பண்ணை அவர் வசம் வந்தது. பிறகு வெர்சாய் பக்கத்தில் இருந்த பேர்போன ஜார்தி பண்ணையும் சேர்ந்தது. ஆரஞ்சு மேலாடை, சாம்பல் தொப்பி என்பது அவருடைய ஜாக்கிகளின் நிறம். 1922-இல் ராமுஸ் என்ற குதிரை அவருக்காக முதல் முறை பிரெஞ்சு டெர்பியை, அதாவது ஷாந்தியியில் நடக்கும் ப்ரி து ஜாக்கி கிளப்பை வென்றது. அந்தப் பந்தயத்தை அவர் மொத்தம் 12 முறை வென்றார்.

பிரான்சில் பண்ணை வைத்திருந்த ஓர் அமெரிக்கர் போர்க்காலத்தில் இறந்துபோனார். அவருடைய குதிரைகளில் சிலவற்றை பூசாக் எடுத்துக்கொண்டார். அந்த வம்சங்களுக்கு இங்கிலாந்தில் மதிப்பு இல்லை. காரணம், 1913-இல் லண்டன் ஜாக்கி கிளப் கொண்டுவந்த ‘ஜெர்சி விதி’. ஒரு குதிரையின் முன்னோர்கள் எல்லாக் கிளையிலும் ஏற்கெனவே ஜெனரல் ஸ்டட் புக் பதிவேட்டில் இருந்தாக வேண்டும்; ஒரு கிளையில் இடைவெளி இருந்தாலும் அது முழுத் தூய இனமாகப் பதிவாகாது. அமெரிக்காவில் பழைய பதிவேடுகள் பல காணாமல் போயிருந்ததால், அங்கிருந்து வந்த நல்ல குதிரைகள் பல ‘கலப்பு’ என்று ஒதுக்கப்பட்டன. இனத் தூய்மைக்காக என்று சொல்லிக்கொண்டாலும், அமெரிக்கக் குதிரைகள் பிரிட்டிஷ் சந்தையில் வந்து குவியாமல் தடுக்கும் வேலையை அது கச்சிதமாகச் செய்தது.

பூசாக் பதிவேட்டைப் பார்க்கவில்லை, ஓட்டத்தைப் பார்த்தார். அப்படி வந்த பெட்டைக் குதிரைகளில் ஒன்று தூர்பான். அதைக் க்சார் என்ற பொலிகுதிரையுடன் சேர்த்ததில் 1928-இல் பிறந்தது தூர்பியோன். 1931-இல் பிரெஞ்சு டெர்பியை வென்ற இந்தத் தூர்பியோன்தான் பூசாக் பண்ணையின் ஆணிவேர்.

கவனித்தவை: மூன்று ரத்தம், ஒரு வேலி

1940-களுக்குள் பண்ணையின் முறை தெளிவாகிவிட்டது. அஸ்தேருஸ், தூர்பியோன், ஃபாரிஸ் ஆகிய மூன்று பொலிகுதிரைகள். அவற்றைச் சுற்றி சொந்தப் பெட்டைகள். ஒன்றின் மகளை மற்றதற்கு, அதன் பேத்தியை மூன்றாவதற்கு என்று சுற்றிச் சுற்றிச் சேர்த்தார்கள். வெளி ரத்தம் மிகக் குறைவாகவே உள்ளே வந்தது. பருத்தி எப்படித் தன் ஆலையிலேயே நூலாகி, தன் தறியிலேயே துணியாகி, தன் கடையிலேயே விலைபோனதோ, குட்டியும் அப்படியே தன் பண்ணையிலேயே பிறந்து தன் நிறத்திலேயே ஓட வேண்டும்.

இந்த முறையின் பலன் உண்மையானது. அஸ்தேருஸின் மகள் அஸ்ட்ரோனமி என்ற ஒரே பெட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈன்ற கரகல்லா தோல்வியே காணாமல் ஓடி, 1946-இல் இங்கிலாந்தின் அஸ்காட் கோல்டு கப்பையும் பாரிஸின் ப்ரி த லார்க் த த்ரியோம்ஃபையும் ஒரே ஆண்டில் எடுத்தது. இன்னொரு மகன் அர்பார் 1948-இல் அதே கோல்டு கப்பை வென்றது. மகள் அஸ்மேனா 1950-இல் எப்சம் ஓக்ஸை வென்றது. மார்சியாஸ் என்ற மற்றொரு மகன் நெடுந்தூரப் பந்தயங்களில் பல ஆண்டுகள் எதிராளி இல்லாமல் ஓடியது. ஒரு பெட்டையின் வயிற்றிலிருந்து இத்தனை பிறப்பது பந்தய உலகில் அடிக்கடி நடப்பதல்ல.

முறையின் எல்லையைக் காட்டுவது கொரோனேஷன். அதன் அப்பா ஜெபெல். ஜெபெலின் அப்பா தூர்பியோன். அதன் அம்மா எஸ்மெரால்டா. எஸ்மெரால்டாவின் அப்பாவும் தூர்பியோன். அப்பாவழித் தாத்தாவும் அம்மாவழித் தாத்தாவும் ஒரே குதிரை. நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் பழக்கம்தான். இது அதைவிடவும் நெருக்கம், ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பேருக்கு இடையே பிறந்த குட்டி. 1949-இல் கொரோனேஷன் ப்ரி த லார்க்கை அபாரமாக வென்றது. பதற்றக்காரக் குதிரை என்று பேர். பண்ணைக்குத் திரும்பிய பிறகு உயிருள்ள ஒரு குட்டியைக்கூட அது தரவில்லை.

இதை வைத்து உள்ளினச் சேர்க்கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எழுதுபவர்கள் நிறைய. எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. வெளி ரத்தம் கலந்த பெட்டைகளிலும் மலடு உண்டு. ஒரு குதிரையை வைத்து முறையை எடைபோட முடியாது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை மணி. பண்ணையின் மிகச் சிறந்த பெட்டையிடமிருந்து அடுத்த தலைமுறை வரவில்லை என்றால், அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி 1950-களின் தொடக்கத்திலேயே மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

போர்க்காலம்

1939-இல் ஃபாரிஸ் மூன்றே பந்தயம் ஓடியது, மூன்றிலும் வென்றது. ப்ரி நோவாய், பிரெஞ்சு டெர்பி, கிரான் ப்ரி த பாரி. அடுத்து இங்கிலாந்தின் செயின்ட் லெஜர் என்று திட்டம். செப்டம்பரில் போர் வந்தது, பந்தயமே ரத்தானது. 1940-இல் ஜெர்மானியர்கள் ஃபாரிஸைப் பிடித்துக்கொண்டு போய்த் தங்கள் பண்ணையில் பொலிகுதிரையாக வைத்தார்கள். போர் முடிந்த 1945-இல்தான் திரும்பி வந்தது. போவதற்கு முன் பிரான்சில் அது விட்டுச்சென்றது ஒரே ஓர் ஆண்டுக் குட்டிகளை மட்டும்தான். அதில் ஒன்றான ஆர்தான் 1944-இல் பிரெஞ்சு டெர்பியையும் ப்ரி த லார்க்கையும் வென்றது.

1936, 1937 இரண்டு ஆண்டும் ப்ரி த லார்க்கை வென்ற கோரிடா என்ற பெட்டைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1944 கோடையில் நார்மண்டிச் சண்டையின் நடுவே அது காணாமல் போனது, மீட்கப்படவே இல்லை. அது விட்டுச்சென்ற மகன் கோவாராஸ், 1945-இல் பிரெஞ்சு டெர்பியை வென்றது.

ஜெபெல் வேறு விதம். 1940 மே மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்து போய் 2000 கினிஸ் பந்தயத்தை வென்று திரும்பியது. சில நாட்களில் ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் நுழைந்தது. ஆக்கிரமிப்புக்குள்ளேயே ஓடி, 5 வயதில், 1942-இல் ப்ரி த லார்க்கை வென்றது.

உச்சம்: 1946 முதல் 1951 வரை

இந்தக் காலத்தில் எடுத்த முக்கியமான முடிவு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுவது. போரில் தேய்ந்துபோயிருந்த பிரிட்டிஷ் பந்தயத் திடல்களுக்கு பூசாக் தன் குதிரைகளைத் தொடர்ந்து அனுப்பினார். பரிசுப் பணம் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். அவருடைய வம்சத்தைக் ‘கலப்பு’ என்று எழுதி வைத்திருந்த பதிவேடு லண்டனில்தான் இருந்தது.

1948-இல் 2000 கினிஸை வென்ற மை பாபு, ஜெபெலின் மகன். ஓட்டியவர் அணிந்திருந்தது பூசாக்கின் ஆரஞ்சு அல்ல, பரோடா மகாராஜாவின் நிறம். பதிவேட்டுக்குள் இடமில்லாத குதிரைகள் இங்கிலாந்தின் மூத்த பந்தயங்களை அடுத்தடுத்து வென்றுகொண்டிருந்தால் விதியை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? 1949-இல் ஜெர்சி விதி எடுக்கப்பட்டது.

அடுத்த வருடம் தூர்பியோன் ரத்தம் ஓடும் கல்காடோர் எப்சம் டெர்பியை ஒரு தலை இடைவெளியில் வென்றது. அதே வாரம் அஸ்மேனாவுக்கு ஓக்ஸ். செப்டம்பரில் ஸ்கிராட்ச், செயின்ட் லெஜர். பிரிட்டனின் ஐந்து கிளாசிக் பந்தயங்களில் மூன்று ஒரே பிரெஞ்சு உரிமையாளருக்குப் போயின. மறுவருடம் தால்மா அதே செயின்ட் லெஜரை வென்றது. 1950, 1951 இரண்டு ஆண்டுகளிலும் பிரிட்டனில் முதலிடம் பிடித்த குதிரை உரிமையாளர் பூசாக்தான்.

துணியில் ஒரு வெளியாள்

இதே நேரத்தில் பாரிஸில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பூசாக்கிடம் நலிந்துபோன ஒரு பழைய ஆடை நிறுவனம் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு வடிவமைப்பாளரை 1946-இல் அழைத்தார்கள். கிறிஸ்தியான் டியோர் என்ற அந்த 41 வயதுக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பழைய கடையை எழுப்ப முடியாது, புதிதாக என் பெயரில் ஓர் இல்லம் வையுங்கள் என்று முதலாளியிடமே சொன்னார்.

பூசாக் ஒப்புக்கொண்டார். 30, அவெனு மோன்தேன் என்ற முகவரியில் இல்லம் பிறந்தது. 6 கோடி பிராங்க் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் முதலீடு. 1947 பிப்ரவரி 12-இல் வந்த முதல் தொகுப்பு உலகத்தின் கண்ணை இழுத்தது. போர்க்காலத் துணிப் பங்கீட்டில் முழங்காலோடு நின்றுபோன பாவாடை, கெண்டைக்கால்வரை இறங்கி, மடிப்பு மடிப்பாக மீட்டர் கணக்கில் துணியை விழுங்கியது. துணி ஆலை முதலாளிக்கு இதைவிட இனிப்பான செய்தி என்ன இருக்க முடியும்?

தான் வேலைக்கு அழைத்த ஒருவர் ‘நீங்கள் கேட்டது வேண்டாம், நான் சொல்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்ல, பூசாக் கேட்டுக்கொண்ட நிகழ்வு இது. அவருடைய துணித் தொழிலிலிருந்து இன்றைக்கும் பேரோடு நிற்பது இந்த ஒன்றுதான்.

சரிவு

துணியில் சரிவு மெதுவாக வந்தது. பூசாக் சாம்ராஜ்யம் பருத்தியின் மேல் நின்றது. நைலானும் பாலியெஸ்டரும் வந்தபோது அவர் பருத்தியை விட்டு நகரவில்லை. பிரெஞ்சுக் காலனிகள் அவருடைய ஆலைகளுக்குக் போட்டியில்லாமல் பாதுகாக்கப்பட்ட சந்தை. இந்தோசீனாவும் பிறகு 1962-இல் அல்ஜீரியாவும் கையைவிட்டுப் போனதும் அந்தச் சந்தை போனது. மலிவான இறக்குமதி துணி வரத் தொடங்கியது. ஆள் குறைப்பை அவர் விரும்பவில்லை. விற்காத துணியைக் கிடங்கில் அடுக்கிக்கொண்டு தறியை ஓட்டினார். உச்சத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரை நம்பி இருந்தார்கள். வீடு, குழந்தைகள் காப்பகம், விடுமுறை முகாம் என்று பார்த்துக்கொண்ட முதலாளி அவர். அந்த அக்கறையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அக்கறைக்கான செலவு லாபத்திலிருந்து வராமல் சொத்திலிருந்து வரத் தொடங்கிய நாளை யாரும் குறித்து வைக்கவில்லை.

குதிரையில் சரிவு வேகமாக வந்தது. வேலிக்குள் பிறந்த குதிரைகள் மங்குவது தெரிந்ததும் பூசாக் வெளி ரத்தத்தைத் தேடினார். சரியான முடிவுதான். ஆனால் வாங்கியது எதை? 1941-இல் ‘மூன்று மகுடம்’ எனப்படும் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற வேர்லவே என்ற குதிரையை 1950-இல் குத்தகைக்கு எடுத்து, பிறகு விலைக்கே வாங்கினார். அது 1953-இல் நார்மண்டியில் செத்துப்போனது. 1955-இல் அதே அமெரிக்கப் பண்ணையிலிருந்து கோல்டவுன் என்ற இன்னொரு புகழ்பெற்ற குதிரையை வரவழைத்தார். அமெரிக்க மண் தளத்தில் வேகம் காட்டிய குதிரைகள் இவை. ஒன்றரை மைலும் அதற்கு மேலும் புல் தளத்தில் ஓடும் பெட்டைகளோடு இவை பொருந்துமா என்று கேட்டிருக்க வேண்டிய இடம். இரண்டும் பிரான்சில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் தரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் பலரோடு முரண்படுகிறேன். தூர்பானை வாங்கியபோது அவர் மற்றவர்கள் ஒதுக்கியதை, ஓட்டத்தைப் பார்த்து வாங்கினார். வேர்லவேயை வாங்கியபோது எல்லோரும் கொண்டாடியதை, பேரைப் பார்த்து வாங்கினார். முப்பது வருடத்தில் மாறியது ரத்தம் மட்டுமல்ல, வாங்குகிறவரின் கண்ணும்தான்.

1956-இல் ஃபிலியுஸ் பிரெஞ்சு டெர்பியை வென்றது. அதன் பிறகு அந்தப் பந்தயத்தில் ஆரஞ்சு நிறம் முதலில் வர 22 வருடம் ஆனது. இடையில் 1969-இல் கிரெபெல்லானா என்ற பெட்டை ப்ரி த தியானை, பிரெஞ்சு ஓக்ஸை, வென்றது. அதன் அப்பா கிரெபெல்லோ, பிரிட்டிஷ் டெர்பி வென்ற வெளிக் குதிரை. 1978-இல் பிரெஞ்சு டெர்பியை வென்ற அகாமாஸின் அப்பா மில் ரீஃப், அதுவும் வெளிக் குதிரை. பூசாக்கின் பழைய பெட்டை வம்சங்களில் உயிர் இருந்தது. புல் தளத்தில் நிரூபித்த, தூரம் தாங்கும் வெளிப் பொலிகுதிரையோடு சேர்த்தபோதெல்லாம் அது தெரிந்தது.

கல்லாப்பெட்டி

குதிரைப் பண்ணைக்குத் தனிக் கணக்கு இருந்திருந்தால் அது தனியாகப் பிழைத்திருக்கலாம். பூசாக்கின் சொந்தப் பணம், ஆலை, பண்ணை, ‘லோரோர்’ நாளிதழ், டியோர் எல்லாமே கடைசியில் ஒரே மனிதரின் முடிவில் வந்து நின்றன. ஆலை நட்டப்பட்டபோது மற்றவை ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் போயின. 1960-களின் பிற்பகுதியில் டியோர் வாசனைத் திரவியப் பிரிவின் பங்குகள் ஒரு பெரிய ஷாம்பெய்ன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. லாபம் தரும் பகுதியை விற்று நட்டம் தரும் பகுதியை ஊட்டியது இது. 1970-களில் பூசாக் தன் சொந்தச் சொத்தையும் ஆலைக்குள் கொட்டினார். அப்போது வயது 80-ஐத் தாண்டியிருந்தது. நிர்வாகத்தைக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையிடம் கொடுத்தபோது, கொடுக்கப்பட்டது தொழிலாக இல்லை, கடனாக இருந்தது.

1978

அந்த வருடத்தை வரிசையாகப் பார்த்தால் தலை சுற்றும். வசந்தத்தில் ஆலைகள் நீதிமன்றக் கண்காணிப்புக்குப் போயின. ‘லோரோர்’ வேறு பத்திரிகை முதலாளியிடம் போனது. ஜூனில், இத்தனைக்கும் நடுவில், அகாமாஸ் ஷாந்தியியில் பிரெஞ்சு டெர்பியை வென்றது. ஜூலையில் அதே குதிரை அஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. சோதனையில் சாலிசிலிக் அமிலம் தெரிந்ததால் தகுதி நீக்கப்பட்டது. ஆகஸ்டில் துணிக் குழுமத்தை, டியோர் ஆடை இல்லத்தோடு சேர்த்து, வடக்குப் பிரான்சைச் சேர்ந்த சகோதரர்கள் நடத்திய இன்னொரு துணிக் குழுமம் வாங்கியது.

குதிரைகளை மொத்தமாக வாங்கியவர் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான். ஃப்ரெனே-லெ-பூஃபார் பண்ணை 1979-இல் ஒரு கிரேக்கக் கப்பல் முதலாளியிடம் போனது. 1980 மார்ச் 21-இல், 91-ஐத் தொட சில வாரங்கள் இருக்க, பூசாக் காலமானார்.

பின்னால் நடந்தவை

அகாமாஸின் தாய் லிகாட்டா ஆகா கானிடம் போனது. அடுத்த ஆண்டு அது ஈன்ற அகியிதா 1982-இல் ப்ரி த லார்க்கை வென்றது. பூசாக் கட்டி வளர்த்த பெட்டை வம்சத்தில், அவர் கையிலிருந்து போன சில வருடங்களிலேயே, அவர் 1949-க்குப் பிறகு தொடவே முடியாத பந்தயம் கிடைத்தது. ஆகா கானின் பண்ணை அந்த ரத்தத்தைத் தன்னிடமிருந்த வேறு வம்சங்களோடு கலக்கத் தயங்கவில்லை. தூர்பியோனின் ஆண்வழியும் பண்ணைக்கு வெளியேதான் பிழைத்தது. ஜெபெலின் மகன் கிளாரியோன், அதன் மகன் கிளேரோன், அதன் மகன் லோரென்சாச்சோ என்று இறங்கியது அந்தக் கிளை. 1970 சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் நிஜின்ஸ்கி என்ற புகழ்பெற்ற குதிரையைத் தோற்கடித்தது இந்த லோரென்சாச்சோதான். அதன் மகன் அஹோனூரா அயர்லாந்தில் பேர்பெற்ற பொலிகுதிரை ஆனது.

துணியில் கதை இன்னும் கசப்பு. வாங்கிய குழுமமே 1981-இல் நொடித்துப்போனது. 1984-இல் ஓர் இளம் தொழிலதிபர் அதை அரசின் ஒப்புதலோடு எடுத்து, ஆலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு டியோரை வைத்துக்கொண்டார். அதன்மேல்தான் இன்றைய மிகப் பெரிய ஆடம்பரப் பொருள் குழுமம் எழுந்தது. வோஜ் சிற்றூர்களில் வேலை இழந்தவர்களுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை.

என்ன மாற்றியிருக்கலாம்

முதலாவது, பண்ணைக்குத் தனிக் கணக்கும் தனிச் சட்ட உருவமும். உச்சத்தில் இருந்த 1950-இலேயே இதைச் செய்திருக்க முடியும். பரிசுப் பணம், பொலிகுதிரை கட்டணம், குட்டி விற்பனை மூன்றும் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆலை தள்ளாடும்போது பிரிக்கப் போனால் கடன் கொடுத்தவர்கள் விடமாட்டார்கள்.

இரண்டாவது, வெளி ரத்தத்துக்குக் கால அட்டவணை. நெருக்கமான சேர்க்கை கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கரகல்லாவையும் அர்பாரையும் தந்த பண்ணையிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பெட்டைகளில் ஒரு பகுதியை வெளிப் பொலிகுதிரைக்கு அனுப்புவது, கட்டணம் கொடுத்து மட்டும் அனுப்புவது, பொலிகுதிரையையே விலைக்கு வாங்குவதைவிடப் பல மடங்கு மலிவு. தவறினால் நட்டம் ஒரு குட்டியோடு போகும். வேர்லவேயைப் போல ஒன்றை வாங்கிவிட்டால், அதைப் பயன்படுத்தியாக வேண்டிய கட்டாயத்தில் நல்ல பெட்டைகளின் சில வருடங்களும் சேர்ந்து போகும்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. குதிரை வாங்குவதில் பூசாக்கிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. பயிற்சியாளர்கள் திறமைசாலிகள், ஆனால் சம்பளக்காரர்கள். டியோர் விஷயத்தில் அப்படி ஒருவர் தற்செயலாக வந்து வாய்த்தார். பொலிகுதிரை வாங்கும் முன் இரண்டாவது கையெழுத்து ஒன்று தேவை என்ற சாதாரண விதி இருந்திருந்தால், 1950-லும் 1955-லும் தளம், தூரம், ஓட்டத்தின் குணம் பற்றிய கேள்விகளாவது காகிதத்தில் வந்திருக்கும்.

நான்காவதாக, பெட்டை வம்சங்களின் மதிப்பீடு. ராசியான பொலிகுதிரைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பண்ணையின் உண்மையான சொத்து லிகாட்டா போன்ற பெட்டைகளிடம் இருந்தது என்பதை வாங்கியவர் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். தன்னார்வமாக, நல்ல விலைக்கு, வருடத்துக்குச் சில பெட்டைகளை 1960-களில் விற்றிருந்தால் பண்ணையின் செலவும் குறைந்திருக்கும், நெருக்கடியில் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய நிலையும் வந்திருக்காது.